மறுமணம் செய்யும் வரை

1939 ஆகஸ்ட் 6, ஞாயிறு
எழுமலை போய் வந்தேன். நல்லகாமன் மாமா, "வாங்க மாப்ள" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். தை பிறக்கட்டும், கல்யாணத்தை முடித்துவிடலாம் என்கிறார். அவர் மகள் அன்னக்கொடியின் புருஷன் பேயாண்டி என்னோடு தறி ஓட்டியவன். மில்லில் பெல்ட் இழுத்துச் செத்துப்போனான். புருஷன் போனவள் அறுத்துக்கட்டுவது எங்கள் பக்கம் புதிதல்ல. அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வலது கையில் இரண்டு விரல் இல்லாதவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆகஸ்ட் 20
மில் சங்கக் கூட்டம். பட்டணத்திலிருந்து மசோதா நகல் வந்திருக்கிறது. வேலை செய்ய முடியாமல் வயதானவருக்கும், என்னைப்போல் கை கால் போனவருக்கும், செத்தவன் குடும்பத்துக்கும் மாதாமாதம் உதவிப் பணம். தமிழில் எழுதி நானே உரக்கப் படித்தேன். நல்ல கைதட்டல். கேட் காவல் சுடலை, "நான் இருக்கையிலேயே வந்துருமா?" என்று கேட்டார். வந்துவிடும் என்றேன். மாமாவும் பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 27
மாமா இன்று என்னைத் 'தம்பி' என்றார்.

'விதவைக்கு, அவள் மறுமணம் செய்யும் வரை.' என் வாயால் நானே படித்த வரி. படிக்கும்போது உறைக்கவே இல்லை. எனக்கு உறைக்காதது அவருக்கு உறைத்திருக்கிறது.

"சட்டம் வரட்டும் தம்பி. பிள்ளைக்கு வார சோத்த நானே தட்டிவிட்டேன்னு ஆகக்கூடாது பாருங்க."

நியாயம்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 10
சங்கத் தலைவர் வக்கீல். அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். ஆதரவில்லாத பெண்ணுக்குத்தான் பணம், கட்டிக்கொண்டவளுக்கு எதற்கு என்றார். கட்டிக்கொண்டால் பிள்ளைக்குச் செத்த அப்பன் திரும்பி வந்துவிடுவானா என்றேன். உனக்கு ஏன் இம்புட்டு அக்கறை என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். சபை சிரித்தது. எனக்குக் காது சுட்டது. எழுந்து நின்றேன்.

"நான் கட்டிக்கப் போற பொண்ணுக்காகக் கேக்குறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. வரியை எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டு அனுப்பினார்கள்.

செப்டம்பர் 24
எழுமலை. பஸ் நிற்கும் இடம்வரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அன்னக்கொடி வந்தாள். அந்த வரியை எடுத்துவிடுவார்கள் என்றேன்.

"எடுக்கலைன்னா?"

பஸ் வந்துவிட்டது. வந்ததே நல்லது.

அக்டோபர் 15
பட்டணத்திலிருந்து பதில் இல்லை. எங்கே பார்த்தாலும் யுத்தப் பேச்சுதான்.

நவம்பர் 2
யுத்த விவகாரத்தில் மந்திரிசபை ராஜினாமா. சட்டசபை கிடையாது, மசோதாவும் கிடையாது.

கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது? தை. எடுத்த எடுப்பில் தை மாதம்தான் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. கேட்டைத் தாண்டும்போது சுடலை, "போச்சாப்பா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் ஸ்டூலை நிழலுக்கு நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். சீ — நானெல்லாம் சங்கத்து ஆளா? வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமும் போக மாட்டேன் என்கிறது.

நவம்பர் 5
"வாங்க மாப்ள."

1940 தை
முடிந்தது. பிள்ளையும் எங்களோடு என் வில்லாபுரம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

1946 ஜூன் 16, ஞாயிறு
மறுபடி மந்திரிசபை வந்திருக்கிறது. அந்தப் பழைய மசோதாவை மறுபடி கேட்டு மனு எழுதும் வேலை மறுபடி என் தலையில்தான். சுடலை போய் மூன்று வருஷம். கடைசிவரை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். வயதானவர்களுக்கான வரியை முதலில் எழுதினேன்.

விதவைகள் பகுதிக்கு வந்தபோது அன்னக்கொடி காபித்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். படிக்கத் தெரியாது, ஆனாலும் தாளைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்த வரி இருக்கா இதுல?"

இல்லை, இந்தத் தடவை விட்டுவிட்டேன் என்றேன்.

"நல்லதாப் போச்சு. நீங்க போயிட்டா நான் வேறொருத்தனக் கட்டிக்கிட்டாலும் பணம் வந்துரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கட்டிக்கொள், ஆனால் அவனுக்குப் பத்து விரலும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள் என்றேன். சிரிப்பு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையால் எழுதப் பழகவில்லை. மனு நாளைக்குத்தான்.