ஆளுக்கு எறிந்த பந்து

என் உயிரான சின்னண்ணாவுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் உயிரோடு இருந்தவரை நாம் அதிகம் பேசவில்லை. இப்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு சிட்னிக்கு வந்து, ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒடுங்கியிருந்த காலம். உங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. உங்களோடு வேலை செய்த கெவின்தான் பேஸ்பால் விளையாடக் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் எல்லே என்ற ஊர் மட்டைப்பந்து ஆடிய உங்களுக்கு அது புது விளையாட்டாகவே படவில்லை. மட்டையால் அடித்துவிட்டு ஓடுவதுதானே! நான் வேலியோரம் நின்று பார்த்தேன்.

அன்று கெவின் எதிரணி. அவன் அடுத்த தளத்துக்கு ஓடும்போது பந்து உங்கள் கைக்கு வந்தது. எல்லேயில் செய்வதுபோல, யோசிக்காமல் ஓடுகிறவன் மேலேயே எறிந்தீர்கள். காதுக்கு மேலே பட்டது. விழுந்தவன் எழும்பவில்லை.

"பட்டா அவுட்தானே?" என்று என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டீர்கள். அதற்குள் ஒருவன் உங்கள் சட்டையைப் பிடித்துவிட்டான். ஆம்புலன்ஸ் போனபின் போலீஸ்காரர் உங்கள் பெயரை எழுதிக்கொண்டார்.

பரமட்டாப் பக்கத்து ஆஸ்பத்திரியில் உங்களிடம் கேட்டேன். "அண்ணா, திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ?"

"கேஸ் கிடக்கட்டும். அவன் கண் முழிக்கோணும்."

கெவினின் மனைவி நேரே வந்து, ஏன் எறிந்தாய் என்று கேட்டாள். "மை கன்ட்ரி... அவுட்" என்றீர்கள். வேறு வார்த்தை வரவில்லை. அவள் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து அழுதாள். நீங்களும் அழுதீர்கள்.

பொழுதுபடும்போது கெவின் கண் விழித்தான். போலீஸ்காரரிடம் அவன் சொன்னது ஒன்றுதான்: அது விளையாட்டு, முறைப்பாடு இல்லை.

பிறகு நூலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். பேஸ்பாலை ஒரே ஆள் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதையாம். இங்கிலாந்துப் பிள்ளைகளின் மட்டைப்பந்து ஆட்டங்கள் அமெரிக்காவுக்குப் போய், ஊருக்கொரு விதமாக மாறி வளர்ந்ததாம். ஆரம்பத்தில் அங்கேயும் பல ஊர்களில் ஓடுகிறவன் மேல் பந்து பட்டால் அவுட்!

நீங்கள் சரி என்று நான் துள்ளினேன். நீங்கள் புத்தகத்தை மூடினீர்கள்.

"இல்லையடி. அப்ப பந்து மெத்தெண்டு இருந்தது. ஆளுக்கு எறியிறதை நிப்பாட்டின பிறகுதான் பந்தைக் கல்லு மாதிரி ஆக்கினவங்கள். நான் பழைய சட்டத்துக்குப் புதுப் பந்தை எறிஞ்சிட்டன்."

இனி விளையாட மாட்டேன் என்ற உங்களைக் கெவினே வீட்டுக்கு வந்து கூட்டிப்போனான். மறுபடியும் அவன் ஓட, பந்து உங்கள் கையில். கெவின் ஒரு நொடி திரும்பிப் பார்த்தான். நீங்கள் எறியவில்லை. பந்தை இறுக்கிப் பிடித்தபடி துரத்திப்போய், பேஸ்பால் சட்டப்படி பந்தாலேயே அவன் முதுகில் மெல்லத் தொட்டீர்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது, அண்ணா?

ஒரு செய்தி. உங்கள் மகள் அபியும் ஒரு பேஸ்பால் அணியில் சேர்ந்துவிட்டாள். "மாமி, டாட் உண்மையா விளையாடினவரா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணியோ அவளுக்கும் பந்து பட்டுவிடுமோ என்ற பயத்தில் சாப்பிடுவதுமில்லை.

சனிக்கிழமை நானே அவளைக் கூட்டிப்போகிறேன். போகும் வழியில் ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்கிறேன். பந்து அவள் பக்கம் வரும்போது கண்ணை மூட மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உங்கள் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி வதனி