ஜாடியின் மிச்சம்

கர்த்தருக்குள் பிரியமான சின்னவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், அக்காவும் அவள் பிள்ளையும் சுகம், நீயும் அங்கே உடம்பு நன்றாக, மனசு சமாதானமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். என் சுகத்தைக் கீழே எழுதுகிறேன், அவசரப்பட்டுத் தாவிப் படிக்காதே. அக்கா பிள்ளைக்கு முன்பல் விழுந்துவிட்டது, பேசினால் பாதி காற்றுதான் வருகிறது, ஆனாலும் வாய் ஓய்வதில்லை. அம்மா முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்குகிறாள், கேட்டால் காயப்போட்ட துணி தானா எறங்கி வருமா என்கிறாள். கண்ணாடிக் கடையில் வேலைக்குக் குறைவில்லை. போன மாதம் ஒரு டீச்சரம்மாவின் லென்ஸைத் தேய்க்கும்போது ஓரம் உடைத்துவிட்டேன், மறுபடி தேய்த்தேன், அதுவும் உடைந்தது. முதலாளி, வயசாகுதுல்ல என்று சிரித்தார். வயசு இல்லை தம்பி, கை நடுங்கியது.

போன வாரம் போனில் புது அறைக்கு மாறிவிட்டதாகச் சொன்னாய். கூட இருக்கும் மூன்று பேரும் குடிப்பவர்கள், ஃப்ரிட்ஜைத் திறந்தாலே பாட்டில்தான் இருக்கும், ஆனால் பயப்படாதீங்கப்பா, ஆண்டவர் பாத்துக்குவாரு, நீங்க குடிக்காம இருக்கிற பதினோரு வருஷத்த நெனச்சுக்கிட்டா போதும், நானும் திரும்பத் தொடமாட்டேன் என்றாய். நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பதினோரு வருஷம் இப்போது என்னிடம் இல்லையடா.

ஆறு மாதம் முன்பு, ஆலயத்தில் திருவிருந்துக்கு அப்பமும் ரசமும் எடுத்துவைக்கிற பெரியவருக்குக் கால் முறிந்தது. வந்து கொஞ்ச நாளே ஆன பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, நீங்க செய்யுங்கண்ணே என்று பின்னறைச் சாவியைக் கொடுத்தார். எங்கள் ஆலயத்தில் ஊற்றுவது புளித்த திராட்சரசம், ஒயினேதான், உனக்குத் தெரியும். ஆசீர்வதித்ததைக் கீழே கொட்டக்கூடாது, எடுத்துவைக்கிறவர்தான் மிச்சத்தைக் குடித்து முடிக்க வேண்டும், அதுவும் உனக்குத் தெரியும். பாஸ்டருக்கு என் பழைய கதை தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்ல வெட்கம். ஆண்டவருடைய பந்தி என்னை என்ன செய்யும், அவர் காப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை, அதிலும் பூனையே தலையாட்டிச் சாவியை வாங்கிக்கொண்டது.

முதல் வாரங்களில் மிச்சம் ஒரு மடக்கு. அப்புறம் என் கையே ஜாடியில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றத் தொடங்கியது. யாருக்கும் குறைந்துவிடக் கூடாதே என்று சாக்கு. மிச்சம் வரட்டும் என்றுதான் ஊற்றினேன் தம்பி, இதை எழுதவே கூசுகிறது. சனிக்கிழமையே மனசு ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்க்கும், அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிறு பேய்மழை, முப்பது பேர்கூட வரவில்லை, நான் நூறு பேருக்கு ஊற்றி வைத்திருந்தேன். ஆராதனை முடிந்து பாஸ்டர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்னண்ணே இவ்வளவு என்றார். கண் கணக்குத் தப்பிடுச்சு என்றேன். கண்ணாடிக் கடைக்காரன் சொல்கிற பதிலைப் பார். அவர் நம்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கப் போனார். நான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடிவரைக்கும் குடித்தேன். அதோடு விட்டேனா, வருகிற வழியில் பழைய பிராந்திக் கடைப் படியும் ஏறினேன். பட்டப்பகலில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றத் தெரியாமல் நின்றேன். அம்மா வந்து குனிந்து கழற்றிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் காலை, சின்னவன் உங்களப் பிடிச்சுக்கிட்டுதானே நிக்கறான் என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே போய்ச் சாவியைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்டர் அழுதுவிட்டார், தெரியாம நானே உங்க கையில கொடுத்துட்டேனே என்றார். அவர் என்ன செய்வார் பாவம், மறைத்தவன் நான். யானைக்கும் அடி சறுக்கும்ப்பா என்று அக்கா ஆறுதல் சொன்னாள். யானை வழியில் சறுக்கும், நான் எண்ணெயை ஊற்றிவைத்துச் சறுக்கினேன். சோதனைக்குள் விழாதபடி விழித்திருக்கச் சொன்னவர், அதன் மடியில் போய்ப் படுத்துக்கொண்டு விழித்திரு என்றா சொன்னார்? அவரை நம்புகிறேன் என்று நான் சொன்னது பாதி பொய். என் கெட்டித்தனத்தை நம்பினேன், அவர் பெயரைச் சொன்னேன். உண்மையாக நம்பியிருந்தால், எனக்குப் பயமா இருக்கு என்று அவரிடமும் சொல்லியிருப்பேன், மனுஷரிடமும் சொல்லியிருப்பேன்.

ஆகையால் அந்த அறையை விட்டுவிடு. கூட இருக்கிறவர்களிடம் சண்டை வேண்டாம், அவர்கள் நல்ல பிள்ளைகளாகவே இருக்கட்டும், நீ வேறு இடம் பார். அதுவரைக்கும் உன் சபையில் ஒருவரிடமாவது உன் கதையைச் சொல்லிவை. வேளைக்குச் சாப்பிடு, பசியோடும் கோபத்தோடும் தனியாக உட்காராதே, காலையில் எழுந்ததும் முழங்காலில் நின்றுவிட்டு அப்புறம் போனைத் தொடு. அம்மா நீ கேட்ட போர்வையை அனுப்பியிருக்கிறாள், வந்ததும் ஒரு வார்த்தை சொல்.

இன்று குடிக்காமல் எனக்குப் பத்தொன்பதாவது நாள். உனக்குப் பதினாலு மாதம் முடிந்துவிட்டது, அம்மா காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். இனிமேல் என்னைப் பிடித்துக்கொண்டு நிற்காதே மகனே. இதில் நீதான் எனக்கு மூத்தவன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மறக்காமல் எனக்காக ஜெபி.

உன் கையைப் பிடித்துக்கொள்ளும்,
அப்பா