மண் நிறத்தில் ஒரு துணிப்பை

செவ்வாய், இரவு

டிவியில் போலீஸ் தொடர் பார்த்தோம். மாடியில் ஒளிந்துகொண்டு தெருவில் போகிறவர்களைச் சுடும் ஒருவனை இன்று தேடினார்கள். ஆள் தப்பிவிட்டான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் விட்டுப்போன சின்னத் துணிப்பை மட்டும் கிடைத்தது. கையளவு, மண் நிறம், உள்ளே மணல். குறிபார்க்கும்போது துப்பாக்கி ஆடாமல் இருக்க அடியில் வைப்பதாம்.

போன லீவில் கார்த்திக்குக்கு நான் தைத்துக் கொடுத்த பையும் அப்படித்தான் இருந்தது. ராணுவத்தில் ஆபீஸ் வேலை என்றுதான் என் பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கிறான். "டைப் அடிச்சு மணிக்கட்டு வலிக்குதும்மா, அடியில வச்சுக்கணும்" என்றான். ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்துக் காட்டினேன். "பளபளன்னு நக்கோம்மா, வேணாம், மண்ணு கலர்ல தை" என்றான். ஒரு பக்கம் தைக்காமல் விடச் சொன்னான், தானே நிரப்பிக்கொள்வானாம்.

இவரும் ராணுவத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர்தான். "இந்தப் பை எதுக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"சேனலை மாத்து" என்றார். ரிமோட் அவர் கையில்தான் இருந்தது.

சாப்பிட்ட பிறகு கார்த்திக் போன் செய்தான். பை ஓரத்தில் பிரிகிறதாம், இன்னும் இரண்டு வேண்டுமாம். மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றான். நானும் மேலே கேட்கவில்லை.

காலையில் திருமுல்கேரி பஜாரில் காக்கித் துணி வாங்க வேண்டும். இந்த முறை இரட்டைத் தையல் போடப்போகிறேன். ஆடக் கூடாது.