ஏழாவது படி

அம்மாவுக்கு வணக்கம். அப்பாவின் இருமல் தணிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

பேய்ப் படத்துக்காக ஒரு பாழடைந்த பங்களாவில் வேலை. இருக்கிற பாழ் கேமராவுக்குப் போதாதாம். சுவரில் பாசியையும் மரப்படிகளில் உளுத்த தோற்றத்தையும் பெயிண்டால் வரவழைப்பது நான்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னால் ஓடி ஒளிந்தவன்!

ஏழாவது படி மட்டும் நிஜமாகவே உளுத்தது. அதில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தேன். “எல்லாம் சாம்பலா இருக்கு, இது மட்டும் கண்ணைக் குத்துது, எடுத்துடு” என்றார் கேமராமேன். எடுத்துவிட்டு, மற்ற படிகளைப் போலவே பெயிண்டும் அடித்தேன். நடிகையிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கினார்கள். புகைக்குள் மெழுகுவர்த்தியோடு அந்தப் பெண் பின்பக்கமாகவே படியேறினாள். நான்கு. ஐந்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. “கட்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

“கட் சொல்ல நீ யாருடா?” என்று டைரக்டர் பாய்ந்தார். அதற்குள் அவளைக் கீழே இழுத்துவிட்டேன். அந்த வேகத்தில் ஏழில் கால் வைத்தது நான். அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் சிராய்ப்புதான்.

அப்பாவின் பழைய கைலி ஒன்று அனுப்பு. பேண்ட் காலில் நுழையவில்லை. துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

கடிதம் கொண்டுபோகும் வண்டி கிளம்புகிறது, முடிக்கிறேன். படி உடைந்தபோது நான் அலறியது டைரக்டருக்குப் பிடித்துப்போய்ப் படத்தில் வைத்துக்கொண்டார். படம் வந்தால் பார்க்கப் போகாதே அம்மா. அதில் ஒரு குரல் உன்னைத்தான் கூப்பிடும்.

உன் மகன்