‘தேசமணி’ கார்டு நின்றபின் என் சம்பளம் என் கைக்கு வருவதில்லை

அனுப்புநர்:
சின்னம்மை, க/பெ. அய்யாவு,
தேயிலை பறிக்கும் தொழிலாளி,
எஸ்டேட் லைன் வீடு, சேரம்பாடி,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: ‘தேசமணி’ டெபிட் கார்டு நிறுத்தப்பட்டதால் சம்பளத்தை இழந்தது – மகளின் கணக்கையாவது காத்துத்தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். இம்மனுவை நானே எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. முன்பு எங்கள் சம்பளம் பாக்டரி வாசலில் ரொக்கமாகத் தரப்பட்டது. என் கணவர் அங்கேயே நின்று அதை வாங்கிக்கொண்டு சாராயக் கடைக்குப் போய்விடுவார். பிறகு, ‘நம் நாட்டின் சொந்த கார்டு’ என்று ஒலிபெருக்கி கட்டிய வேன் எஸ்டேட் மைதானத்துக்கு வந்தது. பெண்களுக்கெல்லாம் அவரவர் பெயர் அச்சிட்ட தேசமணி கார்டு கொடுத்தார்கள். பந்தலூர் கடைவீதியில் மருந்துக் கடை முதல் கோழிக் கடை வரை அதன் மஞ்சள் ஸ்டிக்கர்தான். ரகசிய எண்ணை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக அடி வாங்கியும் சொல்லவில்லை. அந்த கார்டை நம்பித்தான் மகள் ரேணுகாவைக் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க அனுப்பினேன்.

3. சென்ற ஆண்டு அந்த கார்டு நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது. மஞ்சள் ஸ்டிக்கர் எல்லாக் கடையிலும் போய்விட்டது. ஏடிஎம்மில் என் கார்டு செல்லவில்லை. வங்கியில் கேட்டதற்கு, “கார்டே இனி கிடையாதுங்கக்கா. எல்லாம் போன்லதான். கணக்குல யாரு நம்பர் இருக்கோ அவங்கதான் எடுக்க முடியும்” என்றார்கள். வேன் வந்த நாளில் என்னிடம் போன் இல்லாததால் கணவரின் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். அதை மாற்ற விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். கொழுந்து பறித்துத் தேய்ந்த என் விரல் ஒன்றையும் மெஷின் ஏற்கவில்லை. அப்படியானால் அவர் போனுக்கு வரும் ஓடிபி வேண்டுமாம். கேட்டேன். “ஒரு வீட்டுக்கு ஒரு போன் போதும்டி” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

4. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட முடியாமல் ரேணுகா பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். இப்போது எனக்கு அடுத்த வரிசையில் கொழுந்து எடுக்கிறாள். அவளிடமிருந்த போனையும் அவள் அப்பா விற்றுவிட்டார். சென்ற வாரம் அவள் சம்பளக் கணக்குக்கு எஸ்டேட் ஆபீசில் போன் நம்பர் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் அவர் தன் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

5. நின்றுபோன கார்டைத் தங்களால் திரும்பக் கொண்டுவர முடியாது என்று அறிவேன். என் சம்பளத்தையும் நான் இனி கேட்கவில்லை. ரேணுகாவின் கணக்கிலிருந்து அந்த எண்ணை நீக்க மட்டும் உத்தரவிடுமாறு கைகூப்பிக் கேட்கிறேன்.

6. இம்மனுவுக்குப் பதில் அனுப்பினால் தபாலில் அனுப்பவும். மனுவில் போன் எண் கட்டாயம் என்றார்கள். எழுத என்னிடம் எண் இல்லை.

இடம்: சேரம்பாடி
நாள்: 16.06.2025

இப்படிக்கு,
சின்னம்மை