இரண்டு விரற்கடை தள்ளி

என் ஆசை மச்சான் ரஹீமுக்கு,

நீ போய்ப் பத்து மாசம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே, நான் கோச்சிங் சேர்ந்துவிட்டேன். ஆமாம், நாற்பத்தாறு வயதில், பில்லியர்ட்ஸ் ஆடக் கற்றுக்கொள்ள. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்து முடி, மீதியைச் சொல்கிறேன்.

இங்கே எதுவும் மாறவில்லை. இரும்பு ஆலையில் அதே அனல், அதே இரைச்சல். காலை ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டும்போது முட்டி இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. எளாவூரில் உன் பேட்டரிக் கடையை உன் தம்பி பார்த்துக்கொள்கிறான். பஸ்ஸிலிருந்து பார்ப்பேன், இறங்க மாட்டேன். இறங்கினால் டீ சொல்லிவிட்டு உன்னைப் பற்றியே பேசுவான். எனக்கு அலுத்துப்போய்விட்டது மச்சான். அழுவதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

நாம் ஆடும் மாடி பில்லியர்ட்ஸ் கடையில் ஒரு சட்டம் உண்டே, ஜோடி ஆட்டத்தில் ஒருவன் அடிக்கும்போது மற்றவன் பந்து விழவேண்டிய மூலைக் குழி, அந்த பாக்கெட் பக்கம் போய், மர விளிம்பில் விரலை வைத்துக் குறி காட்டலாம் என்று. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது என்பது, சென்னைக்குப் போட்டிக்குப் போன அன்றுதான் நமக்கே தெரிந்தது. அம்பயர் உன்னைக் கையை எடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு தூரப் பந்துகூட விழவில்லை. முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சொன்னேன், ஒரு கோச்சிடம் போகலாம் என்று. நீ எப்படிக் கத்தினாய்!

"ஸ்டிக்க புடிக்கிறது நம்ம கை. அதுக்கு இன்னொருத்தன் இன்னாத்த சொல்லிக் குடுப்பான்? ஆடிக்கினே இருந்தா வரும் மாமு. சும்மா பேஜாரு பண்ணாத."

நான் எழுந்து வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். கும்மிடிப்பூண்டி வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, என் தூரப் பந்துகள் எல்லாம் பாக்கெட்டின் இடப்பக்க விளிம்பில் முட்டித் திரும்பின. துக்கம், கொஞ்ச நாளில் சரியாகும் என்றார்கள். நானும் அதையே நம்பினேன். அப்படி நம்புவது வசதியாகவும் இருந்தது.

கோச் ஒரு பெண். ஷர்மிளா. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வருகிறாள். முதல் இரண்டு வாரம் சொன்னதில் பாதி எனக்கு ஆகவில்லை. காலை இப்படி வை என்பாள், முட்டி வைக்க விடாது. நீ சொன்னதுதான் சரி, இதெல்லாம் வீண் என்று விட்டுவிடப் பார்த்தேன். மூன்றாவது வாரம் கேட்டாள்.

"அண்ணா, ஸ்டிக் பந்துல படும்போதே தலைய தூக்கிடறீங்க. அந்த மூலையில யாரைப் பாக்கறீங்க?"

யாரையும் இல்லை என்றேன். நான் ஒரு காலத்தில் நன்றாகத்தான் ஆடினேன் என்று நிரூபிக்க, போனில் நம் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். மூன்று தரம் பார்த்தாள்.

"இவரு வெரலப் பாருங்கண்ணா. பாக்கெட்டுக்கு நேரா இல்ல, ரெண்டு வெரக்கடை வலப்பக்கம் தள்ளி வெச்சிக்கிறாரு. ஒரு வாட்டி இல்ல, எல்லா வாட்டியும். நீங்க தலைய தூக்குவீங்க, பந்து எடப்பக்கம் இழுக்கும்னு இவருக்கு நல்லாத் தெரியும்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை முறை உன்னைத் திட்டியிருப்பேன்! "பாக்கெட்டு இங்க கீது, நீ எங்கடா வெரல வெக்கிற?" என்பேன். "நான் காட்ற எடத்தப் பாத்து அடி மாமு" என்பாய், அவ்வளவுதான். ஒன்பது வருஷம் என் தப்பை விரலால் தாங்கினாய். அது கோச்சிங் இல்லையா? அப்படியானால் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பேனே. திருத்திக்கொண்டால் அந்த மூலையில் நிற்க உனக்கு வேலை இருக்காது என்றா?

பயிற்சியால் ஆட்டம் மாறாது என்று அவ்வளவு கத்தினாயே, மாறிவிடும் என்ற பயத்தில்தானா?

கோபமாக இருக்கிறது, ரஹீம். நேரில் வைத்துச் சண்டை போட நீ இல்லாதது அதைவிடக் கோபமாக இருக்கிறது.

பந்து குழியில் விழும் சத்தம் கேட்கும்வரை நிமிரவே கூடாது என்று ஷர்மிளா சொல்லிவிட்டாள். இரண்டு வாரம் முடியவில்லை. நிமிர்ந்தால் அங்கே நீ இருக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் கழுத்து கேட்கவில்லை. இதையும் திருத்திக்கொண்டால் உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று ஒரு நாள் அவளிடமே கேட்கப் பார்த்தேன். பாவம், அவளுக்கென்ன தெரியும்.

போன ஞாயிறு மதியம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு பந்து. குனிந்தேன், அடித்தேன், சத்தம் கேட்டது. கடைக்காரர் கைதட்டிக்கொண்டே வந்தார்.

"ரஹீம் பாய் பாத்திருந்தா இன்னா சொல்லிருப்பாரு!"

அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. உன் மூலையை நான் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் ஆறு பந்து அப்படியே விழுந்தது. நீ சொன்னது தப்பு மச்சான். ஒருவர் சொல்லிக்கொடுத்தால் ஆட்டம் மாறத்தான் செய்கிறது. ஜெயித்த சந்தோஷம்தான் வரவில்லை. களைப்பாக இருந்தது, டீ குடித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோச்சிங்கை விடமாட்டேன். அடிக்கும்போது இனி உன் பக்கம் பார்க்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்பு. ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்து, ஸ்டிக்கை வைத்துவிட்டு, அந்த மூலைக்கு வருவேன். மர விளிம்பில் என் விரலை வைத்துவிட்டுத்தான் படி இறங்குவேன். பாக்கெட்டுக்கு நேராக இல்லை, இரண்டு விரற்கடை வலப்பக்கம் தள்ளி.

நீ காட்டிய இடத்தைப் பார்த்தே அடித்த
உன் மாமு,
தட்சிணாமூர்த்தி