திரைக்கு வெளியே கஸ்ஸான்

பாக்தாத்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கை ஷுஹ்தாவுக்கு அண்ணன் மய்மூன் எழுதுவது. உனக்கும் பிள்ளைகளுக்கும் இறைவன் நலம் அருளட்டும். நீ அனுப்பிய பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. எனக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. கலீஃபாவின் திரைக்கு வெளியே நாள் முழுக்க நின்று வருபவர்களை உள்ளே அறிவிக்கிற ஹாஜிபுக்கு வேறு என்ன வலி வரும்?

விஷயத்துக்கு வருகிறேன். கஸ்ஸான் என் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறான். உங்கள் வாசித் நகரில் ஆளுநராக இருந்தானே, அதே கஸ்ஸான்தான். கால்வாய்த் தண்ணீரைத் திருப்பினார் என்று பொய்ப் புகார் கட்டி உன் கணவர் ஸுஹைலைச் சிறையில் அடைத்தவன். பத்தொன்பது நாள் மனுவோடு அவன் வாசலில் நின்றாய். "எஜமான் தூங்குறாரு, நாளைக்கு வாம்மா" என்றே விரட்டினார்கள். இருபதாம் நாள் உடலைக் கொடுத்தார்கள்.

இப்போது அவனுக்குப் பதவி இல்லை. மகன் ஜரீர் படைக் கலகத்தில் மாட்டிக்கொண்டான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாலத்தருகே தலையை வெட்டப் போகிறார்கள். கலீஃபா மனம் வைத்தால் பிழைப்பான். ஆனால் வந்திருப்பவன் பெயரை நான் திரையருகே போய்ச் சொன்னால்தான் அப்படி ஒருவன் காத்திருப்பதே கலீஃபாவுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

முதல் நாள் பதற்றத்தில் பச்சை அங்கியோடு ஓடி வந்தான். கறுப்பு உடுத்தாதவனுக்குத் தர்பாரில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்பு அங்கியில் வந்தான். நல்ல மெத்தையில் உட்கார வைத்து, பனிக்கட்டி போட்ட மாதுளைச் சாறு கொடுத்து, "இன்னைக்குத் தோதுப்படாதுங்க, நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். அன்றிலிருந்து தினமும் அதே மெத்தை, அதே சாறு, அதே பதில். எனக்கு இது எவ்வளவு இனிக்கிறது தெரியுமா? வெட்கமில்லாமல்தான் எழுதுகிறேன்.

நேற்று என் காலைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்கு நான் என்னங்க கெடுதல் பண்ணேன், அதையாவது சொல்லுங்க" என்று அழுதான். குனிந்து ஸுஹைலின் பெயரைச் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "யாருங்க அது?" என்று கேட்டான். நடிப்பில்லை, ஷுஹ்தா. உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை. அதுவரை எனக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அந்தக் கேள்வியோடு அது போயே போய்விட்டது.

ஜரீருக்கு வயது இருபத்திரண்டாம். உன் மூத்தவனுக்கும் அதுதான். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இந்தக் கடிதம் வரும் படகு வியாழன் காலை வாசித் வந்துவிடும். அங்கே தூதுப்புறா வளர்க்கிறவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அன்று மாலைக்குள் என் கையில் இருக்கும்.

இறைவன் உன்னைக் காக்கட்டும். போதும் என்று மட்டும் எழுதிவிடாதே, தங்கச்சி. நீ அப்படி எழுதினால் அவன் பெயரை நான் உள்ளே போய்ச் சொல்லியாக வேண்டும்.

உன் அண்ணன்,
மய்மூன்